பூவரசங்குளத்து ரெக்கார்டு நோட்டுகள்

சகாயராணி டீச்சர் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். தன்னலமற்ற சேவை, அணையா விளக்கு என்று வழக்கமான சாமான்களையெல்லாம் அடுக்கியிருக்கிறேன். படிக்கிறவர்கள் பாதியிலேயே கொட்டாவி விட்டுவிடுவார்கள், அதுவும் நல்லதுதான். அந்தப் பக்கத்தில் வராததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஜெரோம். திண்டுக்கல்லில் மிஷன் நடத்தும் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் தமிழ் நடத்திவிட்டுப் போன வருஷம் வீட்டுக்கு வந்தவன். சகாயராணி அதே பள்ளியில் அறிவியல். ஆசிரியர் அறையில் அவர் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு பீரோ மட்டும்தான் இருந்தது. ஒல்லியான உடம்பு, கோயில் பாடகர் குழுவுக்குப் பழகிய பெரிய குரல். அவர் எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்தினால் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திருக்குறளை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

2013-இல் அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம், உப்பங்கழியில் ஐந்து நாள். பயிற்சி என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டுவிட்டு வருவது என்றுதான் நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். இவர் முகம் கறுத்துக் கால் முழுக்கக் கீறலோடு திரும்பி வந்தார். அங்கே கடலோரப் பள்ளிப் பிள்ளைகள் முழங்கால் சேற்றில் இறங்கி நண்டு வளை எண்ணுகிறார்களாம். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அவர்களே அளக்கிறார்களாம். கொக்கு, நாரை எத்தனை வந்தன என்று தேதி போட்டு எழுதி வைக்கிறார்களாம்.

"சார், நம்ம பிள்ளைக தண்ணியப் போர்டுலதான் பாக்குது. எறங்கிப் பாக்க வேணாமா?" என்றார்.

"நமக்குக் கடல் எங்க இருக்கு டீச்சர்?"

"கொளம் இருக்குல்ல சார்."

இருந்தது. தாடிக்கொம்பு ரோட்டில், அகரத்துக்குத் திரும்புவதற்கு முன்னால். பூவரசங்குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேறு. ஒரு பக்கம் கரை, மறுபக்கம் கோரைப்புல், கீழே அறுபது ஏக்கர் பாசனம். மல்லி, சம்பங்கி, கத்தரிக்காய், தென்னை. 2014-இலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் ஏழாம் வகுப்பு அந்தக் குளத்தில்தான்.

முதல் இரண்டு மூன்று வருஷம் நானும் ஒத்தாசைக்குப் போயிருக்கிறேன். அந்த வயதுப் பிள்ளைகள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சில்வர் தட்டில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை பெயிண்ட் அடித்துக் கயிறு கட்டித் தண்ணீருக்குள் விடுவார்கள். எத்தனை சாணில் தட்டு மறைகிறது என்று பார்த்தால் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று தெரியும். டீ வடிகட்டியில் தும்பிக் குஞ்சு பிடிப்பார்கள். ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவன் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு நம்மைப் பயமுறுத்துவானே, அந்த மீட்டர் ஒன்று உண்டு. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். பூவரசங்குளத்துக்கு 590, 610, 605 என்று காட்டும். ஏழாம் வகுப்பு முழுவதும் அந்த எண்ணைக் கோரஸாகக் கத்தும்.

இவ்வளவும் செய்துவிட்டுத் திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். இங்கேதான் சனியன் பிடித்தது.

தமிழ்நாட்டில் அறிவியல் படித்த யாருக்கும் ரெக்கார்டு நோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இடது பக்கம் பென்சிலில் படம், வலது பக்கம் மையில் எழுத்து, பிரவுன் அட்டை, லேபிள். சோதனையில் என்ன வந்தது என்பது முக்கியமில்லை, என்ன வர வேண்டுமோ அது வந்திருக்க வேண்டும். போன வருஷத்து அண்ணன் நோட்டையோ அக்கா நோட்டையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அழகாக எழுதினால் கையெழுத்துக் கிடைக்கும். சகாயராணியைப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் அவருடைய ஆசிரியை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, அடித்தல் திருத்தலாக இருக்கிறது என்று நோட்டைக் கிழித்துப் போட்டாராம். கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி வந்து படித்த பெண். அன்றைக்கு அழுத அழுகையை அவர் முப்பது வருஷம் கழித்தும் சொல்லுவார். தன் பிள்ளைகள் ரெக்கார்டை எவனும் குறை சொல்லக்கூடாது என்று அவருக்கு ஒரு வெறி. கரையில் உட்கார்ந்து கிறுக்கின ரஃப் நோட்டுகள் வருஷக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். ரெக்கார்டு மட்டும் பீரோவில் அடுக்கப்படும். சிறந்த கையெழுத்துக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் பரிசு. அதற்கு நடுவர் நான்.

2016-இல் குளத்துக்கு வரும் வாய்க்காலின் மேலே ஒரு தோல் பதனிடும் ஆலை வந்தது. அதன் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் என் பென்ஷன் வக்கீலுக்குப் போய்விடும்.

2018 ஜனவரியில் கீர்த்தனா என்ற பிள்ளை 2840 என்று எழுதிக்கொண்டு வந்தாள். குளத்துக்குக் கீழே சம்பங்கி போடும் பொன்னுத்துரையின் ஒரே மகள். அமைதியான பிள்ளை, கேட்டால்தான் பேசும். ஆசிரியர் அறையில் நான் இருக்கும்போதுதான் நடந்தது.

"என்னடி இது? மீட்டரக் கழுவுனியா?"

"கழுவுனேன் டீச்சர்."

"பேட்டரி போயிருக்கும்."

"மூணு தடவ பாத்தேன் டீச்சர். மொதல்ல 2850, அப்பறம் ரெண்டு தடவயும் 2840."

"அக்காக்க நோட்டப் பாரு. 610. ஒரே வருசத்துல கொளம் கடலாயிருமா?"

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. டீச்சர் சிவப்பு மையில் அந்த எண்ணைச் சுழித்து, 'தவறு. மீண்டும் அளந்து எழுதுக' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் அந்தப் பக்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுப் பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தாள் கீர்த்தனா. 610. முத்து முத்தான கையெழுத்து. அந்த வருஷம் ஜியாமெட்ரி பாக்ஸ் அவளுக்குத்தான் கொடுத்தேன்.

ஏழாம் வகுப்புக்கு அது போதாதா? டீச்சருக்கு எந்த எண் பிடிக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பூவரசங்குளம் 600-க்குக் கீழே இறங்கவில்லை, 620-க்கு மேலே ஏறவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், வாராவாரம் போகிறவர் கண்ணில் தண்ணீர் படாதா என்று. நானும் பிற்பாடு அப்படித்தான் கேட்டேன். அந்த வருஷங்களில்தான் எங்கோ ஓர் ஊரில் சுற்றுலா போன மாணவன் தண்ணீரில் இறங்கி இறந்துபோனான். உடனே சுற்றறிக்கை. பிள்ளைகள் யாரும் தண்ணீருக்குள் கால் வைக்கக்கூடாது. குரூப் லீடர் மட்டும் பாட்டிலில் மொண்டுகொண்டு வந்து அளப்பான். டீச்சர் கரையில் நின்றுகொண்டு, யாரும் வழுக்கி விழுந்துவிடாமல் விரட்டிக்கொண்டிருப்பார். "நான் பிள்ளைகளத்தான் பாத்துக்கிட்டு நின்னேன் சார்" என்று சொன்னார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

அதைவிடக் கொடுமை ஒன்று. அதே சமயத்தில் கரையோரம் புதிதாக ஒரு செடி வந்தது. குட்டை குட்டையாகத் தடித்த இலை, நுனியில் சிவப்பு. ராமநாதபுரத்தில் உப்பங்கழி ஓரத்தில் பார்த்த உமரிச்செடி! அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் காட்டினார். கடலோரத்தில் வளர்கிற செடி நம் ஊருக்கு வந்திருக்கிறது பாருங்கள், பறவை விதை கொண்டுவந்து போட்டிருக்கும் என்று பாடம் நடத்தினார். உப்பு இருக்கிற மண்ணில்தான் அது வளரும் என்பதையும் அவரே சொன்னார். சொன்ன வாய்க்கும் பார்த்த கண்ணுக்கும் நடுவில் அந்த 610 நின்றுகொண்டிருந்தது. அவர் கண்ட செடியைவிட அவர் கையெழுத்துப் போட்ட எண்தான் அவருக்கு நிஜம்.

குளத்துக்குக் கீழே என்ன ஆயிற்று என்று பொன்னுத்துரை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முதலில் மல்லி போயிற்று. பிறகு கத்தரி. சம்பங்கி பூத்தாலும் பூ மார்க்கெட்டுக்குப் போவதற்குள் ஓரம் கருகியது. அவர் மனைவி கண்ணம்மாளுக்கு மடையில் நின்று நின்று இரண்டு காலிலும் புண். பாசனக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஆலையின் மேல் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். ஆலையில் கேட்டால், இந்த மண்ணே உப்பு மண், தண்ணீர் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றார்கள். இல்லை, முன்னால் நல்ல தண்ணீர்தான், ஆலை வந்த பிறகு வருஷத்துக்கு வருஷம் கெட்டது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் யாரிடமும் இல்லை. அதிகாரிகள் இப்போதுதான் தண்ணீர் எடுத்துச் சோதித்திருந்தார்கள், 3120. ஆனால் பழைய கணக்கு?

போன ஆகஸ்டில் பொன்னுத்துரை பள்ளிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப் பை, வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சர், பதினோரு வருசமா நீங்க அளந்து வச்சிருக்கீக. ஏம் மக படிக்கையில எழுதுனது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த நோட்டுகதான் டீச்சர் எங்களுக்குச் சாமி. அத வச்சுத்தான் நாங்க பொழைக்கணும்."

சகாயராணி அழுதுவிட்டார். தான் செய்தது ஒருநாள் ஒரு குளத்தைக் காப்பாற்றும் என்று அவர் எத்தனையோ தடவை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அந்த நாள் வந்துவிட்டது. பீரோவைத் திறந்து, வருஷத்துக்கு மூன்று நோட்டு என்று தேர்ந்தெடுத்து, தூசி தட்டி, புது பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டினார். ஒரு நோட்டைக்கூடப் பிரித்துப் படிக்கவில்லை. எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டவைதானே, எதற்குப் படிக்க வேண்டும்? அட்டையில் வருஷத்தை அழகாக எழுதித் தரச் சொன்னார். எழுதினவன் நான்.

அந்த மனுவின் விசாரணை நாளன்று என் ஸ்கூட்டரில்தான் போனோம். ஒரு பழைய ஹால், மேலே சத்தம் போடும் ஃபேன், பின்வரிசையில் பாசனக்காரர்கள். விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். நோட்டுகளை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். 2014, 605. 2015, 598. 2019, 610. 2022, 610. 2024, 612. அவர் வாசிக்க வாசிக்கப் பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது.

ஆலையின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"டீச்சரம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"பிள்ளைங்க இல்லாததையெல்லாம் எழுதியிருக்க மாட்டாங்கல்ல?"

அந்த இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷ டீச்சர். தன் பிள்ளைகளை யாராவது சந்தேகப்பட்டால் வாய் முந்திக்கொள்ளும்.

"எங்க பிள்ளைக பொய் எழுதாது சார்" என்றார், அந்தக் கோயில் குரலில். ஹால் முழுக்கக் கேட்டது.

"ரொம்ப நன்றிம்மா" என்று வக்கீல் அதிகாரி பக்கம் திரும்பினார். "ஆலை ஓட ஆரம்பிச்சு ஒம்பது வருஷம் ஆச்சு சார். போன டிசம்பர் வரைக்கும் தண்ணி நல்லாத்தான் இருந்ததுன்னு மனுதாரர் கொண்டாந்த ரெக்கார்டே சொல்லுது. எங்களால கெட்டிருந்தா எட்டு வருஷத்துக்கு முன்னாடியே கெட்டிருக்கணும்ல? இந்த ஒரு வருஷத்துல வேற ஏதோ நடந்திருக்கு. இவங்க கொட்டுற உரமாக்கூட இருக்கலாம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டைப் பிரித்தோம். 2021. மே மாதம் நாலு அளவு, ஜூன் மாதம் நாலு அளவு. எல்லாம் 610. கொரோனாவில் பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்த மாதங்கள் அவை. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டை முடித்துப் பள்ளி திறந்ததும் கொண்டுவந்து அடுக்க, இவர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். டீச்சர் அந்தத் தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நோட்டு, அதற்கடுத்த நோட்டு. ஒரே வாக்கியங்கள், ஒரே எண், ஒரே தும்பிக் குஞ்சுப் படம். பிறகு எழுந்து ஹால் வாசலுக்கு ஓடினார். அதிகாரி காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சார், அது தப்பு சார். பிள்ளைக பாத்து எழுதல. நாந்தான்..."

"வாக்குமூலம் முடிஞ்சிருச்சும்மா. வேற ஏதாச்சும் சொல்லணும்னா எழுதிக் குடுங்க" என்றார் அவர்.

எழுதிக் கொடுத்தார். மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும் என்று தலைமையாசிரியை கெஞ்சியும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை நான் மதிக்கிறேன். பயன் என்ன? நவம்பரில் உத்தரவு வந்தது. பள்ளிப் பதிவேடுகளின்படி சென்ற ஆண்டுவரை குளத்து நீர் நல்ல நிலையில் இருந்திருக்கிறது, ஆசிரியை பின்னர் கொடுத்த கடிதம் முன்னுக்குப் பின் முரணாக இருப்பதால் ஏற்பதற்கில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்யலாமாம். அறுபது ஏக்கரில் பாதிப்பேர் அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் டீச்சர் என்னிடம் வந்தார். "பொன்னுத்துரை வீட்டுக்குப் போகணும் சார். என்னைய அவரு நாலு வார்த்த வையணும். அப்பத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றார். கணவர் ஆண்டனிராஜ் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

கண்ணம்மாள் காலில் துணி சுற்றியபடி நாற்காலி எடுத்துப் போட்டார். குடிக்கக் கேன் தண்ணீர் வந்தது. கிணறு இருக்கிற வீட்டில் கேன் தண்ணீர். கீர்த்தனா கல்லூரி கடைசி வருஷம், லீவுக்கு வந்திருந்தாள், வாசலில் நின்றாள். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"ஒங்க மக 2018-லயே கண்டுபிடிச்சிட்டா. 2840-ன்னு அளந்து எங்கிட்ட கொண்டாந்தா. நாந்தான் தப்புன்னு செவப்பு மையில சுழிச்சேன். அன்னைக்கு அவ சொன்னத நான் கேட்டிருந்தா இன்னைக்கு ஒங்க நெலம் ஒங்களுக்கு இருந்திருக்கும். என்னைய வைங்க."

பொன்னுத்துரை வையவில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றார். "அன்னைக்கு அழுதுக்கிட்டு வந்தா. தண்ணி கரிக்குதுப்பா, நான் சரியாத்தான் பாத்தேன்னா. டீச்சருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும், அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு அவுக சொன்னத எழுதுன்னு நாந்தான் சத்தம் போட்டேன். கிழிச்சதும் நாந்தான்."

கண்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. சிரித்தவன், பரிசு கொடுத்தவன், அட்டையில் வருஷம் எழுதினவன் என்று சொல்ல எனக்கும் பட்டியல் இருந்தது. நான் எதையும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

கீர்த்தனா வாசலைவிட்டு உள்ளே வந்தாள்.

"அப்ப நான் தப்பா அளக்கலையா டீச்சர்?"

"இல்லம்மா."

"எனக்கு சயின்ஸ் வராதுன்னு நெனச்சுத்தான் பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்தேன். ஒரு மீட்டரப் பாத்துச் சொல்லத் தெரியல, நமக்கெதுக்கு இதெல்லாம்னு."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கப்பறம் எத்தனையோ பிள்ளைக கண்ணுல அந்த நம்பர் பட்டிருக்கும்டா. ஒரு பிள்ளகூட எங்கிட்ட வந்து சொல்லலையே" என்று அழுதார்.

கீர்த்தனா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"நான் சொன்னேன்ல டீச்சர்" என்றாள்.